நன்னிமா சொல்லாமல் வைத்த சேதி



போன இதழில் குழந்தைகளுக்குப் பால் பல் விழும் பருவத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "என் மகனுக்கு ஆறு வயது. பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. சூட்டு உடம்பு என்று மாமியார் சொல்கிறார்கள். அடுத்த மாதம் சுன்னத் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். அது பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன். ஏனென்றால் இதே கேள்வியை 1988-ல் எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால், என் தம்பி அத்தனை பாடு பட்டிருக்க மாட்டான். "நாளைத் தள்ளி வையுங்கள், முதலில் டாக்டரிடம் போங்கள்" என்று அந்தச் சகோதரிக்கு அன்றைக்கே பதில் எழுதிப் போட்டுவிட்டேன். காரணத்தை எல்லாத் தாய்மார்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இப்போது விவரமாக எழுதுகிறேன்.

மற்ற மதச் சகோதரிகளுக்காக முதலில் ஒரு வார்த்தை. ஆண் குழந்தையின் உறுப்பின் நுனித்தோலை நீக்குவதைத்தான் நாங்கள் சுன்னத் என்கிறோம். கத்னா என்றும் சொல்வதுண்டு. ஷாஃபி மத்ஹபில் இது கட்டாயக் கடமை. ஹனஃபி மத்ஹபில் சுன்னத்து, அதாவது நபிவழி. ஆனால் இன்ன வயதில்தான் செய்தாக வேண்டும் என்று கண்டிப்பு இல்லை. பிறந்த ஏழாம் நாளில் செய்பவர்களும் உண்டு, ஏழு எட்டு வயதில் ஊரைக் கூட்டிச் செய்பவர்களும் உண்டு. பையனுக்குப் புதுச்சட்டை, மாலை, தொப்பி, கையில் பூச்செண்டு, தெருவில் ஊர்வலம், பிறகு பிரியாணி விருந்து. கல்யாணம் என்று பெயர் வந்ததே அதனால்தான். பிள்ளை இனிமேல் சின்னக் குழந்தை இல்லை, தொழுகைக்கு ஆண்களோடு பள்ளிவாசலுக்குப் போகிறவன் என்று ஊருக்குச் சொல்கிற நாள் அது.

என் தம்பிக்கு அந்த நாள் வந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர். ரோஜா மாலை போட்டு, வாடகைக் காரில் அவனை ஊர் சுற்றிக் கூட்டி வந்தார்கள். எனக்கு ஒரே பொறாமை. வீட்டுக்கு வந்ததும் முன் கட்டில் ஆண்கள், பின் கட்டில் பெண்கள். அம்மாவைப் பார்க்கவே விடவில்லை. "தாய் பார்த்தா மனசு தாங்காது" என்று குப்பி கதவைச் சாத்திவிட்டார்கள். உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தம்பியை உட்கார வைத்ததையும், மாமு பின்னாலிருந்து அவன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டதையும் ஜன்னல் சந்து வழியாக நான் பார்த்தேன். ஒஸ்தா அவனிடம், "அதோ பாரு, ஓட்டு மேல கிளி!" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், ஆகிவிட்டது.

எங்கள் ஒஸ்தா கைதேர்ந்தவர். எங்கள் அத்தாவுக்கும் மாமுமார்களுக்கும் அவருடைய தகப்பனார்தான் செய்து வைத்தாராம். அவர் கையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு குறை வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு ரத்தம் நிற்கவில்லை. துணியைச் சுட்டுச் சாம்பலாக்கி வைத்துக் கட்டினார்கள். சாயங்காலம் கட்டு முழுதும் நனைந்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். விடியவிடிய அம்மா பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் பையன் வெளுத்துவிட்டான். "தண்ணி, தண்ணி" என்று கேட்டான். "தண்ணி குடுத்தா ஒண்ணுக்கு வரும், எரியும்" என்று சொல்லி அதையும் ஸ்பூனில்தான் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி, தூங்குகிற மாதிரி படுத்திருந்த நான் ஒரு பேச்சைக் கேட்டேன். எங்கள் நன்னிமா, அதாவது அம்மாவைப் பெற்றவர்கள், சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார்கள்: "யா அல்லாஹ், என் தம்பி மாதிரியே இதுவும் போயிடுமோ..."

அம்மா திரும்பி, "என்னம்மா சொல்றீங்க? மாமுக்கு என்ன ஆச்சு? காய்ச்சல்ல மவுத்தானதாத்தானே சொன்னீங்க?" என்றார்கள்.

நன்னிமா அப்போதுதான் வாய் திறந்தார்கள். அவர்களுடைய தம்பி சுன்னத் செய்த நாலாம் நாள், ரத்தம் நிற்காமல்தான் இறந்துபோனானாம். கண்ணேறு என்று பேசிக்கொண்டார்களாம். வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்களை யார் கட்டுவார்கள் என்று காய்ச்சல் என்று சொல்லி மூடிவிட்டார்கள். அம்பது வருஷமாக மூடி வைத்த சேதி அது.

விடியும் முன் அத்தா டாக்ஸி பிடித்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "தாய் வீட்டுப் பக்கம் யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம போனதுண்டா?" என்பதுதான். நன்னிமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ரத்தம் ஏற்றி, பத்து நாள் வைத்திருந்து, தம்பியைப் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்ததில் 'ஹீமோஃபீலியா' என்று தெரிந்தது.

ஒஸ்தா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் கை தப்பவில்லை, சகோதரிகளே. அவரிடம் சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லவில்லை.

அது என்ன நோய்?

நமக்குத் தெரிந்த அடுப்படி விஷயத்தை வைத்தே சொல்கிறேன். பாலைக் காய்ச்சி ஆற வைத்தால் மட்டும் தயிர் ஆகிவிடாது. உறை மோர் ஊற்ற வேண்டும். அது போல, காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கும் ரத்தத்திலேயே சில சத்துக்கள் இருக்கின்றன. டாக்டர்கள் அவற்றை 'ஃபாக்டர்' என்று சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் நம்பர் ஃபாக்டர் குறைவாக இருந்தால் ஹீமோஃபீலியா 'ஏ'. ஒன்பதாம் நம்பர் குறைந்தால் 'பி'. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு 'ஏ' வகை இருக்கிறது. 'பி' வகை அதைவிட அபூர்வம். எந்த ஜாதி, எந்த மதம் என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் குறை பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. தாய்க்குப் பார்வைக்கு ஒன்றும் இருக்காது. சிலருக்கு மாதவிடாய் அதிகமாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் அவள் அதைச் சுமப்பவளாக இருந்தால், அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண் குழந்தையும் தாயைப் போலவே சுமப்பவளாக ஆவதற்கும் சரிபாதி வாய்ப்பு. ஆகவே பையனுடைய அத்தா வீட்டாரை விசாரித்தால் இது வெளியே வராது. தாய்மாமன், தாயின் தாய்மாமன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், இவர்களில்தான் தேட வேண்டும். சடங்கை நடத்துவது ஆண்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிற சேதியோ பின் கட்டில் இருக்கும் பெண்களிடம் இருக்கிறது. இதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன்.

மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வருகிறதாம். அதனால் "எங்க வீட்ல யாருக்கும் இல்லை" என்பதோடு நிறுத்தாமல், பிள்ளையின் உடம்பையும் கவனிக்க வேண்டும். தவழும்போதும் நடை பழகும்போதும் காரணமில்லாமல் பெரிய பெரிய நீலக் கன்றல்கள். தடுப்பூசி போட்ட இடத்தில் கட்டியாக வீக்கம். உதடோ நாக்கோ கிழிந்தால் நாள் கணக்கில் கசிவு. பல் விழுந்தால் நிற்காத ரத்தம். முழங்கால் முட்டி வீக்கம். இவற்றில் எது இருந்தாலும் 'சூட்டு உடம்பு' என்று விட்டுவிடாதீர்கள்.

நானும் மறைத்தவள்தான்

இவ்வளவு சொல்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு 2001-ல் கல்யாணம் ஆனது. புறப்படும் போது அம்மா என் காதோடு, "தம்பி விஷயத்தை அங்கே போய்ச் சொல்லிக்கிட்டிருக்காதே" என்றார்கள். நானும் சொல்லவில்லை. 2004-ல் மகன் பிறந்தான். தடுப்பூசி போட்ட தொடை வீங்கியது. தவழ்ந்த முட்டியெல்லாம் நீலம். எனக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. தெரியாத மாதிரி ஆறு வருஷம் இருந்தேன். பெண் பாவம் என்று யாரும் என் மேல் இரக்கப்பட வேண்டாம். அது கோழைத்தனம்.

2010-ல் மாமியார் சுன்னத்துக்கு நாள் குறித்தார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்று ராத்திரி எனக்கு அந்த வெள்ளை வேட்டிகள்தான் கண்ணில் வந்தன. என் வீட்டுக்காரரை எழுப்பி உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்றார்.

"சொன்னா என்னை என்ன நினைப்பீங்களோன்னு..."

"அதுக்கு உம்மேல நாளைக்குக் கோவிச்சுக்கிறேன். காலையில புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு" என்றார்.

பரிசோதனையில் மகனுக்கும் எட்டாம் நம்பர் குறைவு என்று வந்தது. மிகக் கடுமையான வகை இல்லை. ஆனால் கத்தி பட்டால் ஆபத்தான அளவுதான். மாமியார் இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க வம்சத்துல இல்லாததைக் கொண்டு வந்துட்டாளே" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்கள். அது ஊசி மாதிரி குத்தியது.

அந்தச் சமயத்தில் ரத்த நோய் டாக்டர் அம்மா ஒரு பழைய கதை சொன்னார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கலிலேயா நாட்டில், செப்போரிஸ் என்ற ஊரில், யூதப் பெண்கள் நாலு பேர், உடன்பிறந்த அக்கா தங்கைகள். யூதர்களுக்கும் விருத்தசேதனம் உண்டு அல்லவா? மூத்தவள் மகன் அதில் இறந்தான். இரண்டாமவள் மகனும் இறந்தான். மூன்றாமவள் மகனும் அப்படியே. நாலாமவள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மத குருவான ரப்பான் சிமியோன் பென் கமாலியேலிடம் போனாள். "உன் பிள்ளைக்குச் செய்யாதே" என்று அவர் சொல்லிவிட்டார். இது யூதர்களுடைய தல்மூத் என்ற நூலில் பதிவாகி இருக்கிறதாம். ஃபாக்டர் என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரியாத காலம். நாலு சகோதரிகள் ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசிக்கொண்டதால் ஒரு பிள்ளை பிழைத்தது. "நாலாவது தங்கச்சி வாய் திறந்தாளே, அதுதான் பெரிசு" என்று டாக்டர் அம்மா சொன்னபோது நான் தலை குனிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் போய்க் கேட்டோம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பயம் இருந்தால் தள்ளிப் போடலாம், முடியவே முடியாது என்றால் விட்டுவிடவும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று அவர் நிதானமாக விளக்கினார். என் மகனுக்கு ஃபாக்டர் ஊசி போட்டுக்கொண்டு செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னதால், ஆஸ்பத்திரியிலேயே செய்தோம். ஆபரேஷனுக்கு முன்பும், பிறகு புண் ஆறும் வரை சில நாட்களும் ஃபாக்டர் ஏற்றினார்கள். ரத்தம் சொட்டவில்லை. அந்த நாட்களில் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டியது யார் என்கிறீர்கள்? என் மாமியார்தான்!

புண் நன்றாக ஆறிய பிறகு மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, விருந்தும் வைத்தோம். கத்தி ஒரு நாள், கல்யாணம் ஒரு நாள். இதனால் சடங்குக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

தாய்மார்கள் கேட்க வேண்டியவை

இப்போது பெரும்பாலான ஊர்களில் டாக்டர்கள்தான் சுன்னத் செய்கிறார்கள். சில ஊர்களில் ஒஸ்தாவும் வருகிறார். கூட்டுச் சுன்னத் முகாம்களும் நடக்கின்றன. எங்கே செய்தாலும் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. நாள் குறிப்பதற்கு முன் தாய் வீட்டில் விசாரியுங்கள். "நம்ம வீட்ல எந்த ஆம்பளைப் புள்ளையாவது ரத்தம் நிக்காம கஷ்டப்பட்டதுண்டா?" என்று வயதானவர்களிடம் நேராகவே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லிவிடுங்கள். சாதாரண ரத்த சோதனையில் லேசான வகை சில சமயம் பிடிபடாது. விவரம் சொன்னால்தான் ஃபாக்டர் அளவையே தனியாகப் பார்ப்பார்கள்.

2. மூத்திரத் துவாரம் நுனியில் இருக்கிறதா என்று பாருங்கள். சில குழந்தைகளுக்குத் துவாரம் அடிப்பக்கம் தள்ளி இருக்கும். நுனித்தோலும் பாதிதான் இருக்கும். இதைப் பார்த்து 'பிறவியிலேயே சுன்னத் ஆன பிள்ளை' என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சந்தோஷப்படுங்கள், ஆனால் கத்தி வைக்க விடாதீர்கள். இதற்கு 'ஹைப்போஸ்பேடியாஸ்' என்று பெயர். பிற்பாடு ஆபரேஷன் செய்து துவாரத்தைச் சரி செய்ய அந்த நுனித்தோல்தான் உபயோகப்படுகிறது. வெட்டி எறிந்துவிட்டால் டாக்டருக்குத் தோல் கிடைக்காது.

3. காய்ச்சல், சளி, மஞ்சள் காமாலை இருக்கும்போதும், அந்த இடத்தில் புண் இருக்கும்போதும் செய்யக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

4. ஒரு பிள்ளைக்கு எடுத்த கத்தியும் கத்தரியும், கொதி நீராவியில் சுத்தம் செய்யாமல் அடுத்த பிள்ளைக்கு வரக் கூடாது. மஞ்சள் காமாலை 'பி' கிருமியும் எச்.ஐ.வி.யும் இந்த வழியாகப் போகும். முகாமுக்குக் கூட்டிப் போனால், "ஒவ்வொரு புள்ளைக்கும் தனி செட் இருக்குதா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

5. மரத்துப் போக ஊசி போடுவார்களா என்று கேளுங்கள். காலைப் பிடித்து அமுக்குகிற வழக்கம் இனி வேண்டாம். பயந்த பிள்ளை துள்ளினால் கத்தி விலகும்.

6. 'லேசர்' என்று போர்டு இருந்தாலும் பல இடங்களில் அது மின்சாரத்தால் சுடும் கருவிதான். உலோகக் கிளாம்ப் மாட்டியிருக்கும்போது அந்தக் கருவி பட்டால் உறுப்பே கருகிவிட வாய்ப்பு உண்டு. என்ன கருவி, யார் செய்கிறார்கள், இதில் பழக்கம் உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல கருவி, ஒழுங்கான வெட்டு என்பது புது நாகரிகம் என்று பெரியவர்கள் சொன்னால், கோர்டோபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி என்ற முஸ்லிம் வைத்தியரைப் பற்றிச் சொல்லுங்கள். கி.பி. 1000-வாக்கில் அவர் எழுதிய வைத்திய நூலில், சுன்னத்தை எப்படிக் கத்தரியும் நூல்கட்டும் வைத்துப் பாங்காகச் செய்ய வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். பக்குவம் பார்ப்பது நம் பழைய வழக்கமே.

செய்த பிறகு

வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு நம்முடையது. துணி புண்ணில் உராயாமல் இருக்கக் கூரையிலிருந்து கயிறு கட்டி வேட்டியைத் தூக்கிக் கட்டுவார்களே, அது நல்ல பழக்கம்தான். ஆனால் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். டாக்டர் கொடுத்த மருந்து மட்டும் போதும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறைவதை அது தடுக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சளாக ஒரு படலம் தெரிந்தால் பதற வேண்டாம், ஆறுகிற புண்ணில் அது சகஜம். பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தால் பத்து நாளுக்குள் தானாக விழும், பிடித்து இழுக்காதீர்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பிள்ளை அரை நாளாக மூத்திரம் போகாவிட்டாலும், நுனி நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், காய்ச்சலோ நாற்றமோ வீக்கமோ ஏறிக்கொண்டே போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். என் தம்பிக்கு ஸ்பூனில் கொடுத்தார்கள் என்றேனே, அது எவ்வளவு பெரிய தப்பு என்பது தென்னாப்பிரிக்காச் செய்திகளைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே கிழக்கு கேப் மாகாணத்தில் கோசா இன மக்களுக்கு 'உல்வாலூகோ' என்று ஒரு சடங்கு உண்டு. வாலிபப் பையன்கள் ஊருக்கு வெளியே குடிசை போட்டு வாரக்கணக்கில் தங்கி, விருத்தசேதனம் செய்துகொண்டு, ஆண்பிள்ளையாகத் திரும்பி வருவார்கள். நெல்சன் மண்டேலாவுக்கு 1934-ல், பதினாறு வயதில் இது நடந்தது. முதல் வாரம் பையன்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கட்டுப்படுத்துவது அங்கே வழக்கம். அதனாலும், இறுக்கிக் கட்டுவதால் சதை அழுகுவதாலும், புண் சீழ் பிடிப்பதாலும் வருஷா வருஷம் பையன்கள் சாகிறார்கள். உறுப்பை இழந்தவர்களும் உண்டு. அப்படி இழந்த 21 வயதுப் பையன் ஒருவனுக்கு 2014 டிசம்பரில் கேப்டவுனில் மாற்று உறுப்பு பொருத்தினார்கள். உலகத்திலேயே அப்படி வெற்றியான முதல் ஆபரேஷன் அதுதான்.

அந்தக் குடிசைப் பக்கம் தாய்மார்கள் போகக் கூடாதாம். படித்தபோது குப்பி சாத்திய கதவு ஞாபகம் வந்தது. அந்த மாகாணத்தில் 2001-ல் இதற்கென்று சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2021-ல் நாடு முழுமைக்கும் வந்த சட்டம், 16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது, முன்கூட்டி டாக்டரின் பரிசோதனை வேண்டும் என்கிறது. சடங்கை ஒழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளை உயிரோடு திரும்பி வர வேண்டும் என்கிறது. அவ்வளவுதானே நாமும் கேட்கிறோம்?

இந்து, கிறிஸ்தவச் சகோதரிகளும் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நுனித்தோல் இறுக்கம் என்று டாக்டர் சொல்லி உங்கள் பிள்ளைக்கும் இதே ஆபரேஷன் நடக்கலாம். காது குத்து இருக்கிறது, பல் பிடுங்குவது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரே கேள்விதான்: நம் தாய் வீட்டில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா?

இருக்கிறது என்று தெரிந்தாலும் உலகம் இடிந்துவிடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஃபாக்டர் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயாளிகளுக்கு உதவ ஹீமோஃபீலியா ஃபெடரேஷன் என்ற சங்கம் 1983-லிருந்து இந்தியாவில் இயங்கி வருகிறது. என் தம்பிக்கு முட்டியில் கொஞ்சம் வலி உண்டு. மற்றபடி கடை வைத்து, கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறான். என் மகன் காலேஜ் முடித்துவிட்டான். சட்டைப் பையில் தன் நோய் விவரம் எழுதிய அட்டை எப்போதும் வைத்திருப்பான்.

என் மகளுக்கும் விவரம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு வரன் பார்க்கும்போது முதல் பேச்சிலேயே இதைச் சொல்லிவிடுவது என்று நானும் இவரும் முடிவு செய்திருக்கிறோம். "சொன்னா வரன் தட்டிப் போயிடுமே" என்று அம்மா இன்னும் கவலைப்படுகிறார்கள். தட்டிப் போனால் போகட்டும். நன்னிமாவின் தம்பி, என் தம்பி, என் மகன் என்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நாலாவதுக்கு அந்தச் சேதியை மூடி வைக்க எனக்கு மனம் இல்லை.

என் மாமியார் இப்போது எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், கையில் ஆண் குழந்தை வைத்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டு, "ஏத்தா, சுன்னத்துக்கு முன்னாடி உங்கம்மா வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியா?" என்பார்கள். சில பேர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சட்டை செய்வதில்லை.

கடிதம் எழுதிய சகோதரியே, பரிசோதனை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் விருந்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏதாவது இருக்கிறது என்று வந்தாலும் எழுதுங்கள், நான் இருக்கிறேன். எதற்கும் இன்று ராத்திரியே உங்கள் அம்மாவிடம் பேசிவிடுங்கள்.